ஞாயிறு நாலரை மணிக் கோபுரம்

எங்கள் வீட்டில் விமானம் ஓட்டுபவள் நான்தான். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மூன்றாவது மாடி ஃபிளாட்டின் ஹாலில், டைனிங் டேபிளின் ஒரு மூலைதான் என் விமான நிலையம். ஒரு கம்ப்யூட்டர், பெரிய திரை, கையில் பிடித்து ஆட்ட ஒரு ஜாய்ஸ்டிக். வாரம் முழுவதும் தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் ஊரார் கணக்கைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் பைலட். ஐம்பதை நெருங்கும் பெண்பிள்ளை இப்படி ஒரு விளையாட்டில் கிடக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சீரியலில் மாமியார் மருமகள் பாலில் எதையோ கலப்பதை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் நான் முப்பதாயிரம் அடி உயரத்தில் இருக்கிறேன்.

இதற்கு ஃபிளைட் சிமுலேட்டர் என்று பெயர். உலகம் முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். எந்த ஊரிலிருந்தும் கிளம்பலாம், எந்த ஊரிலும் இறங்கலாம். லண்டன், துபாய் என்றால் ஜன்னல் கம்பி வரை தெரியும். திருச்சி என்றால் ஒரு ரன்வே, பக்கத்தில் நாலு பெட்டி, அவ்வளவுதான். முதல் முறை நம் ஊரிலிருந்து கிளம்பி வடக்கே திரும்பிப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மலைக்கோட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சை மேடு. ராஜகோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்பு. கொள்ளிடத்தில் கரை முட்ட நீலத் தண்ணீர். கொள்ளிடத்தில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறதென்று அவர்களுக்கு எவன் சொன்னான்?

இந்த மாதிரிக் குறைகளைச் சரிசெய்வதற்கு ஆட்-ஆன் என்று ஒன்று உண்டு. விமான நிலையம், பாலம், மலை, கோயில், விமானத்தின் மேல் அடிக்கிற வண்ணம் என்று ஆளாளுக்கு ஒன்றைச் செய்து இணையத்தில் வைப்பார்கள். அதை இறக்கி அதற்கென்று இருக்கும் ஃபோல்டரில் போட்டால், அடுத்த முறை சிமுலேட்டரைத் திறக்கும்போது அது உலகத்தில் முளைத்திருக்கும். திருச்சியின் புது டெர்மினலை யாரோ ஒரு புண்ணியவான் செய்து இலவசமாக வைத்திருந்தான். மலைக்கோட்டையும் தேடினால் கிடைத்தது. ஸ்ரீரங்கத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, மொட்டை மாடியிலிருந்தும் தெருவிலிருந்தும் போட்டோ எடுத்து, ராஜகோபுரத்தின் பதின்மூன்று நிலைகளையும் ஒவ்வொன்றாக ஏற்றினேன். கொள்ளிடத்தின் நீலத்தைத் துடைத்துவிட்டு மணலைக் கொட்டினேன். நடுவில் ஒரு மெல்லிய ஓடை மட்டும் விட்டேன். உள்ளது உள்ளபடி.

இந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த நேரம் ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு மேல். அங்கேதான் சிக்கல். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். என் வீட்டுக்காரர் உறையூரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். ராகு காலத்தில் ஒரு டப்பாவின் மூடியைக்கூடத் திறக்க மாட்டார். வந்த வாடிக்கையாளரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டே நேரத்தைக் கடத்துவார்.

"புதுசா எதையும் இந்த நேரத்துல ஆரம்பிக்காதே. ஆறு மணிக்கு மேல பண்ணிக்க" என்றார் முதல் ஞாயிறே.

ஆறு மணிக்கு மேல் எனக்கு அடுப்படி. இவரா வந்து தோசை ஊற்றப் போகிறார்? எரிச்சலில், "ஒண்ணு பண்றேன். கம்ப்யூட்டர் கடிகாரத்த மாத்திடறேன். அதுக்கு இன்னிக்கு ஞாயித்துக்கிழமையே இல்ல. போதுமா?" என்றேன்.

கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். பிறகு மிகுந்த பொறுப்போடு கேட்டார்: "எந்த நாளுக்கு மாத்துவே?"

நாளையும் அவரே எடுத்துக் கொடுத்தார். போன வருஷம் தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை. கடைக்குப் புது ஷட்டர் போட்ட நாள். அன்றிலிருந்து வியாபாரம் ஏறுமுகம் என்பது அவர் கணக்கு. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் நான் இணையத்தைத் துண்டித்து, கடிகாரத்தை அந்த வியாழனுக்குத் தள்ளிவிட்டுத்தான் கோபுரம் கட்டினேன். வேலை முடிந்ததும் நிஜத் தேதிக்குத் திரும்புவேன். அவருக்கு நிம்மதி, எனக்கு ஒன்றரை மணி நேரம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இத்தனை சுலபமாக முடிந்த பஞ்சாயத்து வேறில்லை.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் என் நாத்தனாரின் சங்கதி வந்தது.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. முசிறியில் வாழைத் தோப்பு. தார் வெட்டுகிற நாளில் லாரிக்காரனும் வியாபாரியும் அவர் குரலைக் கேட்டாலே நிமிர்ந்து நிற்பார்கள். அவருடைய ஒரே மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். முதல் பிரசவம். டாக்டர் அவள் பயணம் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. ஆக, அண்ணிதான் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். டிக்கெட் போட்டாகிவிட்டது. ஆடியில் ஒரு காலை விமானம். அண்ணி மட்டும் போக மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

பயம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் என்னிடம்தான் விஷயத்தைச் சொன்னார். "பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. பஸ்ல போனா முன்னாடி சீட்டுல உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டே போவேன். ரயில்ல போனா ஒவ்வொரு ஸ்டேஷனும் எழுந்து போர்டு பாப்பேன். எங்க இருக்கோம்னு தெரியாம நாலு மணி நேரம் என்னால உக்கார முடியாது. நெஞ்சு அடைக்குது."

மகள் போனில் அழுதாள். "அம்மா இல்லாம என்னால முடியாது அத்தை, நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் கெஞ்சினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "அண்ணி, ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வாங்க. திருச்சியில ஏறி சிங்கப்பூர்ல எறங்குற வரைக்கும் வழி முழுக்க நான் காட்டுறேன். எங்க எது வரும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."

"பாத்துட்டுச் சொல்றேன். எனக்குச் சரின்னு பட்டாத்தான் போவேன். இல்லன்னா டிக்கெட்ட கேன்சல் பண்ணிட சொல்லு ஒன் வீட்டுக்காரன" என்றார்.

சவாலை ஏற்றுக்கொண்டு ஜம்பமாகப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் என் ஆட்-ஆன் ஃபோல்டரின் லட்சணம் ஞாபகம் வந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று இறக்கி இறக்கிப் போட்டதில் அது பரண் மாதிரி ஆகியிருந்தது. இந்த சிமுலேட்டரே அந்த வருஷம் மாசியில் நிறுவிய புதுப் பதிப்பு. ஆனால் பழைய பதிப்புக்கு நான் சேர்த்திருந்த சாமான்களையும் அப்படியே தூக்கி இதில் கொட்டியிருந்தேன். திருச்சி விமான நிலையம் மட்டுமே மூன்று விதமாகக் கிடந்தது. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, விளக்குக் கம்பங்கள் அந்தரத்தில் தொங்கின. நிறுத்தி வைத்த விமானத்தின் மூக்கு டெர்மினல் சுவருக்குள் புகுந்திருந்தது. சிமுலேட்டர் திறப்பதற்குள் நான் சோறு வடித்துவிடலாம். இதைவிட மோசம், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே படம் அப்படியே உறைந்து நின்றுவிடும். நான் தனியாக ஓட்டும்போது சலித்துக்கொண்டு மறுபடி திறப்பேன். அண்ணி பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுக்கடலில் விமானம் உறைந்து நின்றால் அவ்வளவுதான், அந்தப் பெண் தனியாகத்தான் பிள்ளை பெற வேண்டும்.

அண்ணி வருவதற்கு முந்திய ஞாயிறு காலை, முந்தானையைச் செருகிக்கொண்டு சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். ஆபீசில் பத்து வருஷக் குப்பையை ஒரே மத்தியானத்தில் ஒழுங்கு செய்பவள் நான். ஒரு விதி வைத்துக்கொண்டால் போதும். என் விதி இதுதான்: இந்தப் பதிப்பு வந்தது மாசியில், ஆகவே அதற்கு முந்திய தேதி போட்ட ஃபைல் எதுவும் பழசின் எச்சம், தூக்கி எறி. தேதிவாரியாக அடுக்கினேன். மாசிக்கு முன்னால் இருந்த அத்தனையையும் ஒரே இழுப்பில் தேர்ந்தெடுத்து அழித்தேன். டிஸ்கில் இடம் இல்லாததால் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். ஃபோல்டர் பளிச்சென்று ஆயிற்று. காபி போட்டுக்கொண்டு வந்து என் கைவேலையை நானே ரசித்தேன்.

சிமுலேட்டர் நொடியில் திறந்தது. ஒரே ஒரு திருச்சி. கம்பங்கள் தரையில் நின்றன. கிளம்பினேன். மேலே ஏறி வடக்கே பார்த்தேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பு திரும்பி வந்திருந்தது. கொள்ளிடம் கரை முட்ட நீலமாக ஓடியது.

ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். கோபுரம் இல்லை, மணல் இல்லை, அம்மா மண்டபத்துக் காவேரிப் படிகள் இல்லை, ஞாயிறு ஞாயிறாகச் செய்த எதுவும் இல்லை. எனக்குக் காரணமே புரியவில்லை. பின்னால் நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர்தான் மெல்லக் கேட்டார்: "அதெல்லாம் நம்ம ஷட்டர் தேதியிலதான இருந்திருக்கும்?"

திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அவர் முறுக்குத் தட்டோடு அடுப்படிப் பக்கம் நகர்ந்தார்.

அதேதான். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை என் கோபுரம் போன வருஷம் தை மாதம் வியாழக்கிழமை காலை பத்தரைக்குக் கட்டப்பட்டது. மாசிக்கு முந்தியது. பழசின் எச்சம். என் விதியின்படியே என் கையால் அழித்திருக்கிறேன்.

"உங்க ராகு காலத்த தூக்கி..." என்று ஆரம்பித்தேன்.

"கடிகாரத்த மாத்துற ஐடியா உன்னுது" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. அது உண்மை என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது. உட்கார்ந்து அழுதேன். மாதக்கணக்கில் ஒவ்வொரு நிலையாக ஏற்றிய கோபுரம். அதைவிட, அண்ணியிடம் என்ன சொல்வது? நீலத் தண்ணீர் ஓடும் கொள்ளிடத்தைக் காட்டி இதுதான் நம் ஊர் என்று சொன்னால் அவர் ஒரே வார்த்தையில் எழுந்து முசிறி பஸ் ஏறிவிடுவார்.

அழுது முடித்ததும் மூளை வேலை செய்தது. அழித்த ஃபைல் உடனே போய்விடாது. டிஸ்கில் அந்த இடத்தில் வேறு ஒன்று எழுதப்படும் வரை அது அங்கேயேதான் கிடக்கும். என்னுடையது பழைய ரக ஹார்ட் டிஸ்க்; அதில் மீட்க வாய்ப்பு அதிகம். அந்த நிமிஷமே கம்ப்யூட்டரை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கினேன். யாரும் தொடக்கூடாது என்று அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். மறுநாள் ஆபீசில் சொல்லி ஒரு லேப்டாப்பைக் கேட்டு வாங்கி வந்தேன். என் டிஸ்கைக் கழற்றி ஒயர் போட்டு அதில் மாட்டி, அழிந்ததை மீட்கும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டேன்.

அது மீட்டது, நன்றாகவே மீட்டது. ஆனால் அழிந்தது அத்தனையையும் மீட்டது. பல வருஷமாகச் சேர்த்த குப்பையும் என் கோபுரமும் ஒரே குவியலாக வந்து விழுந்தன. எது எந்த ஃபோல்டரில் இருந்தது என்ற விவரம் போய்விட்டது. ஃபைல் பெயரும் தேதியும் மட்டுமே மிச்சம். பெயரைப் பார்த்துப் பொறுக்கலாம் என்றால், சுவர் ஒன்று, சுவர் இரண்டு, கூரை, கல் என்று உலகத்தில் எல்லோரும் வைக்கிற பெயரைத்தான் நானும் வைத்திருந்தேன். குவியலில் நூற்றுக்கணக்கில் சுவர்கள். எந்தச் சுவர் ஸ்ரீரங்கம், எந்தச் சுவர் துபாய் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தும் கோபுரத்தின் ஒரே ஒரு நிலைதான் கிடைத்தது. கழுத்து வலித்தது. இது நடக்கிற காரியம் இல்லை என்று லேப்டாப்பை மூடப் போனேன்.

மூடப்போன கை அந்த ஒரு ஃபைலின் தேதியில் நின்றது. போன வருஷம் தை, வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால்.

போன வருஷம் தையில் அந்த வியாழக்கிழமை காலை நான் ஆபீசில் இருந்திருக்கிறேன். நிஜமாகவே அந்தத் தேதியில் இந்தக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலும் பிறந்திருக்க முடியாது. அந்தத் தேதி போட்டது எதுவாக இருந்தாலும் அது ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குப் பிறந்தது. அது என்னுடையது.

குவியலைத் தேதிவாரியாக அடுக்கினேன். நடுவில் ஒரு நீண்ட வரிசை வந்தது, அத்தனைக்கும் ஒரே நாள். பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள். ஒரு துபாய் இல்லை, ஒரு லண்டன் இல்லை. கோபுரத்துச் சுவர்கள், கோயிலைச் சுற்றிய உத்தர வீதி ஓடுகள், கொள்ளிடத்து மணல், படித்துறை எல்லாம் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. "என்னங்க, இங்க வாங்க" என்று நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் பாதிக் குளியலில் துண்டோடு ஓடிவந்தார். நான் திரையைத் தொட்டுக் காட்டினேன். குனிந்து தேதியைப் படித்தார். நிமிர்ந்தபோது அவர் நெஞ்சு நாலு அங்குலம் விரிந்திருந்தது.

"நல்ல நாள்ல செஞ்சது எங்கயும் போகாது" என்றார்.

அழிந்ததே அந்த நாளால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவர் பாராட்டை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நிலைக்கான படம் மட்டும் கெட்டுப்போய் வந்தது. மறுநாள் காலை ஆபீஸ் கிளம்புவதற்கு முன் மொட்டை மாடிக்கு ஏறி, வெயில் கோபுரத்தின்மேல் நேராக விழும் நேரத்தில் அதை மட்டும் மறுபடி எடுத்தேன். புதுப்படம் பழையதைவிட அழகாக வந்தது.

இந்த முறை அடுக்கியதுதான் அடுக்கு. ஒவ்வொரு ஆட்-ஆனுக்கும் தனி ஃபோல்டர், பெயரின் முதலில் ஊர், அடுத்து அது என்ன பொருள். முதலில் தரை, அதன்மேல் ஆறு, பிறகு விமான நிலையம், கடைசியில் கோயில். ஒன்றைப் போடுவேன், சிமுலேட்டரைத் திறந்து பார்ப்பேன், சரியாக இருந்தால்தான் அடுத்தது. தேவையில்லாதது எல்லாம் வெளியே இன்னொரு டிஸ்கில். என் சொந்த வேலைக்கு அதில் ஒரு நகல். கடிகாரத்தை இனி தொடுவதில்லை என்று தீர்மானம் போட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு சாயங்காலம் யோசித்துவிட்டு, பழசை எடுத்து அடுக்குவது புது ஆரம்பம் ஆகாது, அதற்கு ராகு காலம் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார். இந்தச் சட்டம் முன்னாலேயே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலை முசிறி பஸ்ஸில் அண்ணி வந்து இறங்கினார். ஒரு சீப்பு பூவன் பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு, திரைக்கு எதிரே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். ஆடி மாதம், மேற்கிலிருந்து காற்று அடிக்கும். விமானம் காற்றை எதிர்த்து மேற்கு நோக்கித்தான் கிளம்பும். அப்போது ஊர் வலது பக்கம் வரும். ஆகவே வலதுபக்க ஜன்னல் சீட்டிலிருந்து தெரிகிற மாதிரி காட்சியை வைத்தேன். டிக்கெட்டிலும் அந்தப் பக்க ஜன்னலையே கேட்டு வாங்கச் சொல்லியிருந்தேன்.

ரன்வேயில் ஓடி விமானம் மேலே எழும்பியது. அண்ணி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வீடுகள் சின்னதாக ஆகி, கீழே தென்னைமரங்கள் புள்ளிகளாக ஆகின. அவர் மெல்ல முன்னால் குனிந்தார்.

"அது மலைக்கோட்டை" என்றார்.

"ஆமா அண்ணி."

"அப்ப அது காவேரி. அங்க தெரியறது நம்ம பெரிய கோபுரம். அதுக்கு அந்தாண்ட கொள்ளிடம். மணலாக் கெடக்கு." என் பக்கம் திரும்பினார். "நெசமாத்தான் போட்டிருக்க."

அந்த மணலை நான் ஒரு முழு ஞாயிறு உட்கார்ந்து கொட்டியிருந்தேன். உலகத்தில் ஒருவர் கண்ணில் பட வேண்டுமென்றால் அது இவர் கண்ணில்தான் பட வேண்டும்.

"அப்ப முசிறி அங்க இருக்கு" என்று அண்ணி கையை நீட்டினார். திரையைத் தாண்டி, சரியாக எங்கள் ஃபிரிட்ஜைக் காட்டினார். ஆறு எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசை. தப்பே இல்லை.

விமானம் இடதுபுறம் திரும்பித் தென்கிழக்கே போனது. புதுக்கோட்டைச் செம்மண், பிறகு கடற்கரை, அப்புறம் தண்ணீர். இங்கிருந்து வேகத்தைக் கூட்டி ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. "அங்க வேகமா ஓட்டுவானா? அவன் எப்படிப் போவானோ அப்படியே போ." ஆக, நாலு மணி நேரமும் உட்கார்ந்தோம். படம் ஒரு தடவைகூட உறையவில்லை. ஒவ்வொரு நிமிஷமும் நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஏர் ஹோஸ்டஸ் ஆனார். சாம்பார் சாதம், வாழைக்காய் வறுவல், மோர். அண்ணி மடியில் தட்டை வைத்துக்கொண்டு வங்கக்கடலைப் பார்த்தபடி சாப்பிட்டார். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்தது. குறட்டை வந்தது. நான் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி சத்தமில்லாமல் சிரித்தேன். இதைவிட ஒரு பைலட்டுக்கு என்ன பட்டம் வேண்டும்?

விழித்ததும் எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். தூரத்தில் தெரிகிறது சுமத்ரா, இன்னும் கொஞ்சத்தில் கப்பல்கள் நிறையப் போகிற இடம் வரும், அதன் முடிவில் சிங்கப்பூர் என்றேன். ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். வெண்ணெய் மாதிரி இறக்கினேன். சக்கரம் தரையைத் தொட்டதுகூடத் தெரியவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த சிறந்த தரையிறக்கம் அதுதான் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அண்ணி எழுந்து புடவையை உதறிக்கொண்டார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தம்பியைப் பார்த்து, "ஊறுகா எத்தன கிலோ எடுத்துட்டுப் போகலாம்?" என்றார். நான் அடுப்படிக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினேன்.

அவர் கிளம்பிய காலை எனக்கு ஆபீஸ். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டுகிற ஆப்பைப் போனில் திறந்து, ஃபைல் கட்டுக்கு இடையில் சாய்த்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். மேற்கு நோக்கிக் கிளம்பியது. கடற்கரையைத் தாண்டியது. சின்ன மஞ்சள் விமானம் நீலத்தின்மேல் ஊர்ந்தது. உள்ளே அண்ணி எப்படி இருக்கிறாரோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகு போன் வந்தது. என் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"வந்து சேந்துட்டேன். இவ நல்லா இருக்கா" என்றார் அண்ணி. "பக்கத்து சீட்டுல மணப்பாறைப் பொண்ணு ஒண்ணு. மொத தடவையா வேலைக்கு வருது. ஏறுனதுலேர்ந்து கண்ண மூடிக்கிட்டு அழுவுது. கைய புடிச்சுக்கிட்டேன். கண்ணத் தொற, எங்க இருக்கோம்னு நான் சொல்லிக்கிட்டே வரேன்னேன். கோபுரத்தக் காட்டுனேன், ஆத்தக் காட்டுனேன். கடல் வந்ததும் மறுபடி பயந்துச்சு. இனிமே ரொம்ப நேரம் தண்ணிதான், இதுல பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல, தூங்கு, நெலம் வந்தா எழுப்புறேன்னேன். என் தோள்லயே சாஞ்சு தூங்கிட்டு வந்துச்சு."

"நீங்க தூங்கலையா அண்ணி?" என்று கேட்டேன்.

"நான் எப்படித் தூங்குறது?" என்றார். "அந்தப் புள்ளைக்கு வழி தெரிஞ்ச ஆளு நான் ஒருத்திதான இருந்தேன்."